யுகநாட் பேரெண்

தமிழ்நாட்டில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கங்கள் ஓராண்டின் அளவை 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை என்று கொள்ளும். சித்திரை பிறக்கும் வேளையும், ஏனைய மாதப் பிறப்புக்களும், அவற்றைப் பற்றி நிற்கும் திருக்கோயில் விழாக்கள் பலவும் இவ்வளவையே அடியாகக் கொண்டு குறிக்கப்படுகின்றன. பஞ்சாங்கம் பார்ப்பார் பலர். இவ்வளவு யாண்டிருந்து வந்தது என்று வினவுவார் மிகச் சிலர். வினவுவாருள்ளும் இரு திறத்தார் உளர். ஒரு திறத்தார், இது முனிவர்கள் கலியுகத் தொடக்கத்திலேயே வானத்தை நோக்கி அளந்து, ஐயாயிரம் ஆண்டாக வழிவழி வந்ததென்பர். மற்றொரு திறத்தார், யுகம் என்றும் கற்பம் என்றும் கோடிக்கணக்காக அடுக்கிய எண்களெல்லாம் வெறுங் கற்பனை என்றும், அவற்றுள் ஆராயத்தக்கது ஒன்றுமில்லை என்றும் இகழ்வர். இவ்விரு திறத்தாரும் அவ்வெண்ணை ஒருமுறையேனும் வகுத்துப் பார்த்தவரல்லர் என்பது அவர் கூற்றாலேயே விளங்கும்.

மேற்கூறிய ஆண்டளவு பிறந்த எண் 157,79,17,500 என்பது. நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலக்கத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. ஒரு மகாயுகத்தில் சூரியன் உதிக்கும் முறை இத்துணை. மகாயுகத்திற்கு ஆண்டு 43,20,000. முன்னதைப் பின்னதால் வகுக்க வருவதே 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை; எச்சம் சிறிதுமின்றி நேரே வரும்.

இவ்வெண்ணை உலகிற்கு அளித்தவர் ஆரியபடர். அவர் பிறந்தது கி. பி. 476. அவர் இயற்றிய ஆரியபடீயத்தின் முதற்பகுதி, எண்களை எழுத்துக்களாற் குறிக்கும் ஒரு புதுமுறையைக் கொண்டு, சூரியன் முதலிய கோள்கள் ஒரு யுகத்தில் எத்துணைச் சுற்றுச் சுற்றும் என்பதனைச் சுருங்கச் சொல்லும். ஆங்கு 157,79,17,500 என்பது நேரே சொல்லப்படவில்லை. பூமி தன்னைத்தான் சுற்றும் முறை 158,22,37,500 என்றும், சூரியனுடைய சுற்று 43,20,000 என்றும் சொல்லப்பட்டன. பூமி தன்னைச் சுற்றுவதே நாண்மீன்கள் உதித்து மறைவதுபோலத் தோன்றுதற்குக் காரணமென்பது அவர் கொள்கை. சூரியன் ஓராண்டில் மீன்களினின்றும் ஒரு சுற்றுப் பின்னிடுதலின், மீன்கள் உதிக்கும் முறையினின்றும் ஆண்டின் தொகையைக் கழிக்கச் சூரியன் உதிக்கும் முறை பெறப்படும். பூமி சுழலும் என்னுங் கொள்கையை ஏலாத பிற்காலத்து உரையாசிரியர் சிலர் அவ்விடத்து மீன்களே சுழல்வனவாகப் பொருளை மாற்றியுரைத்தனர். கொள்கையை மாற்றினாரேனும் எண்ணை மாற்ற அவரால் இயலவில்லை. எது சுழலினும் கணக்கு ஒன்றேயாகலின்.

இனி அவ்வெண்ணின் இயல்பு ஆராயத்தக்கது. 43,20,000 என்பது 2, 3, 5 என்னும் மூன்று பகா எண்களாலேயே ஆகியது; இரண்டை எட்டு முறையும், மூன்றை மூன்று முறையும், ஐந்தை நான்கு முறையும் பெருக்கின் அது வரும். எச்சமின்றி அதனை வகுக்கும் எண்கள் 180 உள. பன்னீராயிரம் தேவ ஆண்டினை முந்நூற்றறுபதால் பெருக்கிப் பெற்ற எண் என்று மனுநூலும் புராணங்களும் கூறும் அதனையே கணித நூலாரும் விரும்பிக் கொண்டது ஏன் என்பதற்கு இஃதொரு காரணமாதல் கூடும். எவ்வாறு பகுத்தாலும் இணங்கும் எண் கணிதர்க்கு உற்ற துணையன்றோ?

157,79,17,500 அத்துணை இணக்கமுடையதன்று. அது 2 x 2 x 3 x 5 x 5 x 5 x 5 x 61 x 3449 என விரியும். 61, 3449 என்னும் இரண்டும் பகா எண்கள். அவை வானத்தினின்று வந்தவை. எஞ்சிய பகுதி, அதாவது 7,500, யுக ஆண்டின் தொகையினுள்ளும் அடங்கியிருக்கிறது. ஆதலின் இரண்டையும் 7,500 ஆல் சுருக்கலாம். வடமொழிக் கணிதர் இதனை அபவர்த்தனம் என்பர். சுருக்கவே, 576 ஆண்டுக்கு 2,10,389 நாள் என்பது வரும். நாற்பத்து மூன்று இலக்கம் ஆண்டும் நூற்றைம்பது கோடி நாளும் அறியாதவனைத் திகைக்கச் செய்யலாம். உள்ளே நிற்பதோ ஐந்நூற்று எழுபத்தாறு ஆண்டே. அத்துணை ஆண்டு கழிந்தால் ஆண்டுப் பிறப்பு நாளின் அதே வேளைக்கு, ஒரு தற்பரையும் பிசகாது, மீளும். கி. பி. 629-இல் ஆரியபடீயத்திற்கு உரை வரைந்த முதலாம் பாஸ்கரர், குட்டகம் என்னும் கணித முறையை விளக்கும் வழி 576, 2,10,389 என்னும் இவ்விரண்டினையே எடுத்துக் கையாண்டார். இந்நாளில் பேரெண் என்று வியக்கப்படுவது அந்நாளைக் கணிதர் கையில் இத்துணைச் சிறிதாய் இருந்தது.

இதனோடு, இப்பொழுது வழங்கும் சூரியசித்தாந்தத்தின் எண்ணை ஒப்பிடின் வேறுபாடு புலப்படும். அந்நூல் கூறும் யுகநாள் 157,79,17,828. இதற்கும் 43,20,000-க்கும் பொதுவாய் நிற்பது 4 ஒன்றே. ஆகவே அந்நூலின்படி ஆண்டுப் பிறப்பு அதே வேளைக்கு மீள்வதற்குப் பத்து இலக்கத்து எண்பதினாயிரம் ஆண்டு செல்ல வேண்டும். முந்நூற்றிருபத்தெட்டு என்னும் ஒரு சிறு கூட்டல் எண்ணின் எளிமையை அறவே கெடுத்தது.

ஏழால் வகுத்துப் பெறும் எச்சமும் ஈண்டுக் கருதத்தக்கது. வாரம் ஏழு நாளாதலின் அவ்வெச்சமே கிழமையைக் காட்டும். யுகம் புதன்கிழமை, இலங்கையில் சூரியோதயத்தில் தொடங்கிற்றென்றும், துவாபரத்தின் இறுதி நாள் வியாழக்கிழமை என்றும் ஆரியபடர் கூறுவர். (ஈண்டு இலங்கை என்றது ஈழநாட்டையன்று, உச்சயினியின் நேர் தெற்கே நிலநடுக்கோட்டின்மேல் கணிதர் கற்பித்துக் கொண்ட இடத்தை.) அவர் யுகத்தை நான்கு சமபாகமாகக் கொண்டவர். ஒரு பாகத்திற்கு நாள் 39,44,79,375. இதனை ஏழால் வகுக்க எஞ்சுவது 3. மூன்று பாகம் கழியவே எச்சம் 9. அதனுள் ஏழு போக 2. புதன்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து வருவது வெள்ளி. ஆகவே கலியின் முதல்நாள் வெள்ளிக்கிழமை. அதன் முந்தியது வியாழன். நூலின் சொல்லும் எண்ணின் எச்சமும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் காண்க. யுகநாளில் ஒன்று கூடினும் குறையினும் பாகம் முழுநாளாய் அமையாது. நான்கு பாகமும் 4 : 3 : 2 : 1 என்னும் அளவினவாதலே மரபு என்று பிரமகுப்தர் இவரைக் கடிந்தார். புராண மரபு பற்றிப் பிரமகுப்தர் கூறியது உண்மையே; கணக்கிற்கு அதனால் வந்த குறை ஒன்றுமில்லை.

இந்நாள்தொகை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தென்னாட்டு வேந்தர் சாசனங்களிலும் கலிநாள் பொறிக்கப்பட்டது. ஆய்வேந்தன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் திருக்கோயிலும் சாலையும் அமைத்ததைக் கூறும் செப்பேடு, கலிநாள் 14,49,087 என்று காட்டும். இதனை 576 ஆல் பெருக்கி 2,10,389 ஆல் வகுக்க, 3967 ஆண்டும், எச்சமாகிய 60,949-ஐ மீண்டும் 576 ஆல் வகுக்க 105 நாளும் சொச்சமும் வரும். கலியாண்டு 3967 நிறைந்தது கி. பி. 866-இல் ஆகலின், செப்பேட்டின் நாள் அவ்வாண்டு ஆடி மாதத்தில் வந்து விழும். வேந்தனது காலத்தை அறிதற்கு வேறு நூல் வேண்டாது பள்ளிச் சிறுவனும் போடத்தக்க கணக்காய் அஃது அமைந்தது. சைவநூல்களின் காலம் காண்பதற்கும் இத்தகைய எண்களே துணை. உமாபதிசிவாசாரியர் சங்கற்பநிராகரணத்துள் சகம் 1235 என்று குறித்துச் சென்றமையாலன்றோ, சந்தானகுரவர் நால்வருள் இறுதியாக நின்ற அவர் காலம் கி. பி. 1313-ஐ ஒட்டியதென ஐயமின்றித் துணியப்படுகிறது?

இவ்வெண் மேனாட்டார் கண்ணில் பட்ட வரலாறு தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது. சுக்கிரன் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணவேண்டிப் பிரான்சு நாட்டினின்றும் புதுச்சேரிக்கு வந்தவர் லெ ஜாந்தீல் என்னும் வானநூலார். 1761-இல் அக்காட்சி நிகழ்ந்தபொழுது அவர் கடலில் இருந்தார். புதுச்சேரி ஆங்கிலேயர் வயப்பட்டுவிட்டது. எட்டாண்டு காத்திருந்து 1769-இல் அவர் ஆயத்தமாய் நின்றபொழுது மேகம் மறைத்தது. வந்த காரியம் இரு முறையும் கைகூடாத அவர்க்கு வாராத பயன் ஒன்று வாய்த்தது. தமிழ்க் கணிதர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் இருந்து கற்றார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திரகிரகணம் நீடித்த அளவை, தமிழ்க் கணிதர் கணக்கு 41 செகண்டு குறைத்துக் காட்டிற்றென்றும், ஐரோப்பாவில் சிறந்ததென மதிக்கப்பெற்ற மாயரது அட்டவணை 68 செகண்டு மிகுத்துக் காட்டிற்றென்றும் அவர் எழுதி வைத்தார்.

அவர் கொண்டுசென்ற கணக்கு ‘திர்வலூர் அட்டவணை’ என்னும் பெயரால் மேனாட்டு நூல்களில் வழங்கலாயிற்று. நாகப்பட்டினத்திற்கு மேற்கே பன்னிரண்டு கல்லில் உள்ள ஊர் என்று அந்நூல்கள் குறித்தலின், அது தியாகேசப்பெருமான் எழுந்தருளிய திருவாரூரே எனத் துணியலாம். அவ்வட்டவணையின் ஆண்டு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 செகண்டு. அதாவது நம் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரையே. அதன் தொடக்கம் கலியின் தொடக்கமாகிய கி. மு. 3102. இதனைக் கண்டு வியந்த பாயி என்னும் பிரெஞ்சு அறிஞர், இந்தியர் கி. மு. 3102-இலேயே வானத்தை நேரில் நோக்கி இவ்வெண்களை நிறுவினர் என்று 1787-இல் பெருநூல் ஒன்று எழுதினார். ஸ்காட்லாந்து தேசத்துப் பிளேபேர் 1790-இல் அதனை வழிமொழிந்தார். லாப்லாஸ் என்னும் பெருங்கணிதர் மறுத்தார். கலித்தொடக்கத்தில் கோள்களெல்லாம் ஒருங்கு கூடியதாக அவ்வட்டவணை கொள்வதால், அக்கூட்டம் வானத்தில் மெய்யாக நிகழாமையை எடுத்துக்காட்டி, அத்தொடக்கம் பின்னிருந்து கணக்கால் எட்டிப் பிடிக்கப்பட்டதென்றார்.

நம்மவருள் பலர்க்குப் பாயியின் கூற்று இனித்தது, இன்றும் இனிக்கிறது. லாப்லாசின் கூற்றைக் காழ்ப்பென்று தள்ளுவாரும் உளர். ஆயின் இவ்வழக்கைத் தீர்க்கும் சான்று வெளியே தேடவேண்டுவதன்று; ஆரியபடரது எண்ணினுள்ளேயே இருக்கிறது.

ஆரியபடர் நாளின் தொடக்கத்தை இருவகையாகக் கொண்டு இரு கணக்கு வகுத்தார். ஒன்றில் நாள் சூரியோதயத்தில் தொடங்கும். மற்றொன்றில் நள்ளிரவில் தொடங்கும். இரண்டினையும் வராகமிகிரர் குறிப்பிடுவர். நள்ளிரவுக் கணக்கை விரித்த நூல் மறைந்துவிட்டது. ஆயினும் பிரமகுப்தர் 665-இல் செய்த கண்டகாத்தியகம் என்னும் நூல் அதனைப் பின்பற்றியதாகலின் அதன் எண்கள் அழியாது நின்றன. வராகமிகிரர் பஞ்சசித்தாந்திகையுள் தொகுத்துரைத்த பழைய சூரியசித்தாந்தமும் அவ்வெண்ணே கொண்டது. அக்கணக்கில் யுகநாள் 157,79,17,800. இதனை 5,400 ஆல் சுருக்க 800 ஆண்டுக்கு 2,92,207 நாள் வரும். கடல் கடந்து சயாம் தேசத்துக்குச் சென்ற கணக்கும் இதுவே. 1688-ஐ ஒட்டிப் பிரெஞ்சுத் தூதர் ஆண்டிருந்து கொண்டுவந்த விதிகளைக் காசினி என்பவர் ஆராய்ந்து பொருள் கண்டார்.

ஒருவரே வகுத்த இரு கணக்கில் யுகநாள் ஏன் முந்நூறு வேறுபட வேண்டும்? நள்ளிரவுக் கணக்கில் கலி பிறந்தது வியாழன் கழிந்த நள்ளிரவு. உதயக் கணக்கில் கலி பிறந்தது அதனின் 15 நாழிகை பின்னாக, வெள்ளிக்கிழமை உதயம். தொடக்கம் கால் நாள் வேறுபடுகிறது. இனிக் கலி பிறந்து 3600 ஆண்டு கழிந்த வேளையை இரண்டினாலும் கண்டு பார்க்கவேண்டும். 3600 என்பது யுகத்தில் 1200-இல் ஒரு கூறு. 157,79,17,500-ஐ 1200 ஆல் வகுக்க 13,14,931¼ நாள். வெள்ளி உதயத்தினின்று இத்துணை நாள் எண்ண, முழுநாள் கழிந்த உதயத்தின்மேல் கால் நாள். அஃது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். 157,79,17,800-ஐ 1200 ஆல் வகுக்க 13,14,931½ நாள். நள்ளிரவினின்று இத்துணை நாள் எண்ண, நள்ளிரவின்மேல் அரை நாள். அதுவும் அதே ஞாயிறு, அதே நண்பகல். முந்நூறு நாள் வேறுபாடு ஆயிரத்திருநூற்றில் ஒரு கூறாகக் கால் நாளாயிற்று; அக்கால் நாள் நள்ளிரவுக்கும் உதயத்துக்கும் இடையேயுள்ள கால் நாளை நேரே தீர்த்தது.

கலித் தொடக்கமே கண்ணாற் கண்டு அளக்கப்பட்டதாயின், அவ்வேளை இரு கணக்கிற்கும் பொதுவாய் நின்று, பின்னர் வர வர அவை வேறுபடுதல் வேண்டும். ஈண்டு நிகழ்ந்தது அதற்கு மறுதலை. தொடக்கத்தில் வேறுபட்ட இரண்டும் 3600-ஆம் ஆண்டின் முடிவில் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. எனவே கணிதர் அசையாது பிடித்துக்கொண்ட முனை பின்னதே. கலித் தொடக்கம் அம்முனையிலிருந்து பின்னோக்கி நீட்டிய கோட்டின் மறுமுனை. நீட்டும்பொழுது நள்ளிரவில் நிறுத்தல் வேண்டின் ஓர் எண்ணும், உதயத்தில் நிறுத்தல் வேண்டின் முந்நூறு குறைந்த ஓர் எண்ணும் கொள்ளப்பட்டன. அந்நண்பகல் எது? கி. பி. 499 மார்ச்சு 21. அறுபது அறுபதாண்டுகள் கலியில் கழிந்தபொழுது தமக்கு வயது இருபத்து மூன்று என்று ஆரியபடர் தம் நூலில் கூறியது இவ்வாண்டையே. அறுபது அறுபது மூவாயிரத்தறுநூறு. அவர் தம் வயதைச் சொன்ன இடம் தற்புகழ்ச்சியன்று. தம் எண்களுக்குரிய நாளைப் பதிவு செய்த இடம் எனக் கொள்ளுதல் பொருந்தும். இப்பொழுதைய சூரியசித்தாந்தத்தின் எண்ணை இவ்வாறு வகுப்பின் 13,14,931½ நாளின்மேல் 1 நாழிகை 24 விநாடி மிகும். அந்நண்பகலில் அது வந்து கூடுவதில்லை. அவ்வெண் பிற்காலத்து வேறோர் ஆசிரியரால் திருத்தப்பட்டதென்பதற்கு அதுவே சான்றாகும்.

அற்றேல், முனிவர் வாக்கென்று போற்றப்பட்டது ஓர் இளைஞனது கணக்கு என்றாகிவிடுமே. அதனைக் கொண்டு நடத்தும் நாளும் கோளும் விழாவும் தம் புனிதம் இழவாவோ என்று சைவருட் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் சித்தாந்தம் ஓதியார்க்கு வேண்டுவதன்று. நையாயிகர் காலத்தை நித்தப்பொருள் என்பர். காலமே கடவுள் என்பாரும் உளர்; அவர் கூற்றைச் சிவஞானசித்தியார் சுபக்கம் எடுத்துக் காலமும் சடமே என மறுத்தது. சித்தாந்தத்தில் காலம் அசுத்தமாயையினின்றும் தோன்றும் ஒரு தத்துவம், வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று, இறப்பு, நிகழ்வு, எதிர்வு என நின்று உயிர்கள் வினைப்பயன் நுகர்தற்கு எல்லை காட்டுவது, தோன்றியதாகலின் ஒடுங்குவது. அத்தகைய காலத்தை அளக்கும் கோல் உயிர்களின் சிற்றறிவால் ஆகியது என்பதில் வியப்பு என்னை? விழாவின் புனிதம் அதனை ஏற்றருளும் இறைவனைப் பற்றியது. ஆண்டின் அளவில் தற்பரை பதினைந்தா முப்பத்தொன்றா என்பதைப் பற்றியதன்று. ஆகமம் விதித்த நாளை அறிதற்குக் கணிதம் ஒரு கருவி. கருவியை ஐயாயிரம் ஆண்டுப் பழமை கூறிக் காக்க முயல்வார், அப்பழமை பொய்த்தவழி விதியும் பொய்த்ததாக எண்ணுவார்க்கு வாயில் திறந்துவிடுகின்றனர். மேலும், வாக்கியத்தினின்றும் ஓரெண்ணை மாற்றுதலும் சாத்திர விரோதம் என்று திருக்கணிதத்தாரோடு மலைவார், அவ்வாக்கியத்தின் மூலவராகிய ஆரியபடரே யுகநாளை இருவகையாகக் கூறியதை மறந்தனர். பிரமகுப்தரும் இளமையில் அவரைக் கடிந்து எழுதி, முதுமையில் அவர் நள்ளிரவுக் கணக்கையே தம் நூலுக்கு அடியாகக் கொண்டார். திருத்துதல் அந்நெறியினர்க்குப் புதிதன்று.

திருத்தம் வேண்டியதும் உண்மை. மீன்களை நோக்கச் சூரியன் ஒரு சுற்று முடிக்கும் காலம் இன்றைய அளவையால் 365 நாள், 6 மணி, 9 நிமிடம், 10 செகண்டு. யுகநாள் எண் தரும் ஆண்டு இதனின் 3 நிமிடம் 20 செகண்டு மிகும். 432 ஆண்டில் ஏறக்குறைய ஒரு நாள். கலியாண்டின் தொகையாகிய 4,32,000-ஐ நினைப்பிக்கும் இவ்வொற்றுமை தற்செயலே. இதனுள் மறைபொருள் தேடுவார் தேடாதொழிக. பருவங்களை நோக்கின் பிழை இன்னும் பெரிது. அறுபது ஆண்டுக்கு ஒரு நாளாகச் சித்திரை பின்செல்கிறது. ஆரியபடர் காலத்தில் பகலும் இரவும் ஒத்த நாளை ஒட்டி நிகழ்ந்த மேஷப்பிறப்பு இன்று ஏப்ரல் 14-இல் நிற்பது இதனாலேயே. 1952-இல் மேகநாத சாகாவின் தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை தந்தது; அதன்படி 1957-இல் வெளிவந்த தேசியப் பஞ்சாங்கம் பருவ ஆண்டைத் தழுவியது. கோயில்களும் இல்லங்களும் அதனைப் பின்பற்றவில்லை.

எனினும் பிழையுடைமை பற்றி அவ்வெண்ணைக் கையாண்டாரை இகழ்தல் தகாது. ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலுள், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏட்டைப் பாராது, வாக்கியங்களை நினைவினின்றே ஓதிச் சந்திரகிரகணம் கணித்ததை எழுதியிருக்கிறார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த அக்கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடம் மட்டுமே பிசகிற்று; நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. அக்கணிதர் சந்திரனுக்குக் கொண்ட நாட்சுற்றுக்கள் 248, 3031, 12,372 என்பன. அவற்றை எழுத்தெண் முறையால் சொற்களாக்கி நினைவில் வைப்பர். 248-க்கு அவர் வைத்த பெயர் தேவாரம்: தே எட்டு, வா நான்கு, ர இரண்டு, வலமிருந்து படிக்க 248. மூவர் பாடலின் பெயர்க்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லையாயினும், சைவன் ஒருவன் அதனை மறவாது நினைத்தற்கு அது போதும். கலிநாளினின்றும் முதலில் ஒரு பெருந்தொகையும், பின் 12,372-உம், பின் 3031-உம், பின் 248-உம் முறையே கழித்து எஞ்சிய நாளுக்குரிய வாக்கியத்தை எடுப்பதே அவர் செய்தது. கலிநாளைக் கண்டதோ 576-உம் 2,10,389-உம் கொண்டேயாம்.

கி. பி. 499 மார்ச்சு 21 ஞாயிறு நண்பகலினின்று எண்ணின், 576 ஆண்டுச் சுற்று ஒன்று 1075-இலும் மற்றொன்று 1651-இலும் நிறைந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் கிழமை நான்கு முன்செல்லும். மூன்றாம் சுற்று 2227 ஏப்ரல் 20-இல், உச்சயினி நண்பகலில், நிறையும், அன்று வெள்ளிக்கிழமை.